ஒரே காட்சி, இரண்டு ஒத்திகை: காவிய அரங்குக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் வளர்த்தெடுத்த காவிய அரங்கைக் கற்கத் தொடங்குகிறவர்களின் கைக்கு முதலில் வந்து சேருவது பெரும்பாலும் ஒரு பட்டியல். அட்டையில் தலைப்பு எழுதுங்கள், பார்வையாளரைப் பார்த்துப் பேசுங்கள், நடுவில் பாட்டு வையுங்கள், விளக்குகளை மறைக்காதீர்கள். இவற்றில் தவறு ஒன்றும் இல்லை. எதற்காகச் செய்கிறோம் என்பது தெரியாமல் செய்தால், பழைய நாடகத்தின் மேல் நான்கு அட்டைகள் தொங்கும், அவ்வளவுதான். நான் முதன்முதலில் இயக்கிய காட்சி அப்படித்தான் அமைந்தது. அட்டை இருந்தது, பாட்டும் இருந்தது. உணர்ச்சியைக் குறைக்கும்படி நடிகர்களிடம் சொல்லியிருந்தேன், அவர்களும் வசனத்தை அறிவிப்பு வாசிப்பதுபோல வாசித்தார்கள். அரங்கில் இருந்தவர்கள் எதையும் யோசிக்கவில்லை. எப்போது முடியும் என்று காத்திருந்தார்கள்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரே ஒரு வழியைத்தான் நம்புகிறேன். ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொண்டு முதலில் இயற்பண்பு முறையில், அதாவது வாழ்க்கையை அப்படியே மேடையில் காட்டும் விதத்தில், முழு மனதோடு ஒத்திகை பார்க்க வேண்டும். பிறகு அதே காட்சியைக் காவிய முறையில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உடம்பால் உணர இதைவிடச் சுருக்கமான பாதை எனக்குத் தெரியவில்லை.

காட்சியைக் கையில் எடுங்கள்

பயிற்சிக்காக நான் எழுதி வைத்திருக்கும் காட்சி இது. இரண்டு நடிகர்கள், ஒரு மேசை, ஒரு பை, ஒரு பதிவேடு போதும். இடம் சோப்புத் தொழிற்சாலையின் வாசல். இரவு ஷிப்டு முடிந்து ஒரு பெண் தொழிலாளி வெளியே வருகிறார்.

காவலாளி: பையைத் திற.
தொழிலாளி: தினமும்தான் பார்க்கிறீர்களே அண்ணா.
காவலாளி: இன்றைக்கும் பார்க்க வேண்டும்.
(பை திறக்கப்படுகிறது. துணிக்கு அடியில் இரண்டு சோப்புத் துண்டுகள்.)
தொழிலாளி: உடைந்தவை. குப்பைக்குப் போகிறவை.
காவலாளி: குப்பையும் முதலாளியுடையதுதான்.
(பதிவேட்டைத் திறக்கிறார்.)
காவலாளி: பெயர்?
தொழிலாளி: என் பெயர் உங்களுக்குத் தெரியும்.

சொந்தமாக எழுதினால் இன்னும் நல்லது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: யாராவது ஒருவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். முடிவே எடுக்கப்படாத காட்சியில் இந்தப் பயிற்சிகளுக்குப் பிடிமானம் கிடைக்காது.

முதல் ஒத்திகை: இயற்பண்பு முறையில்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். காவிய அரங்கு எதை மறுத்து எழுந்தது என்பதை அறியாமல் அதைச் செய்ய முடியாது. மறுக்கப்பட்ட அந்த அரங்கும் அற்பமானதல்ல.

இயற்பண்புவாதம் 19ஆம் நூற்றாண்டு அறிவியலின் கையைப் பிடித்து வளர்ந்த பிள்ளை. மனிதனைப் பரம்பரையும் சூழலும்தான் உருவாக்குகின்றன என்ற எண்ணத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலா நாவலிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்தார். அவரது 'தெரேஸ் ராக்கன்' நாடகம் 1873இல் மேடையேறியது. 1888இல் 'மிஸ் ஜூலி' நாடகத்தை எழுதிய ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க், அதன் முன்னுரையில் ஜூலியின் வீழ்ச்சிக்குத் தாயின் இயல்பு, தந்தையின் தவறான வளர்ப்பு, கோடைத் திருநாள் இரவு, நடனம் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். சுவரில் வரைந்து வைத்த சமையல் பாத்திரங்களை இனி எடுத்துவிடலாம் என்றும் அதே முன்னுரையில் கேட்கிறார். பாரிஸில் 1887இல் 'தியாத்ர் லீப்ர்' என்ற அரங்கைத் தொடங்கிய ஆந்த்ரே ஆந்த்வான், அடுத்த ஆண்டு கசாப்புக்காரர்களைப் பற்றிய நாடகமொன்றில் உண்மையான இறைச்சியையே மேடையில் தொங்கவிட்டார். மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நான்காவது சுவர் ஒன்று இருப்பதாகவே நடிகர்கள் நடந்துகொண்டார்கள். மாஸ்கோவில் 1898இல் தொடங்கிய கலை அரங்கில் இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி வளர்த்தது உளவியல் யதார்த்தம். அது இயற்பண்புவாதத்தோடு முற்றிலும் ஒன்றல்ல. ஆனாலும் நடிகர் பாத்திரத்தின் உள்ளே நுழைய வேண்டும் என்ற அடிப்படையில் இரண்டும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. ஏழைகளின் சமையலறையையும் நோயையும் கடனையும் மேடைக்குக் கொண்டுவந்த பெருமை இந்த மரபுக்கு உரியது.

அதே மரியாதையோடு ஒத்திகையைத் தொடங்குங்கள். காவலாளியாக நடிப்பவர் எத்தனை மணி நேரமாக நிற்கிறார்? அவர் காலணி கடிக்கிறதா? வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை? தொழிலாளியின் கைகளில் ரசாயன எரிச்சல் இருக்கிறதா? சோப்பை யாருக்காக எடுத்தார்? நடிகர்கள் விடைகளைத் தாங்களே உருவாக்கி உள்ளே வைத்துக்கொள்ளட்டும். மேசை விளக்கின் மங்கல் வெளிச்சம், தூரத்தில் இயந்திர ஓசை, உண்மையான சோப்பு மணம் என்று எது கிடைத்தாலும் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று நாள் உழைத்தால் காட்சி உயிர் பெற்றுவிடும். கடைசி வரியைச் சொல்லும்போது தொழிலாளியின் தொண்டை அடைக்கும்.

இப்போது நான்கைந்து நண்பர்களை அழைத்துக் காட்டுங்கள். முடிந்ததும் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் "பாவம், இரண்டு பேருமே பாவம்" என்பார்கள். "அவர்தான் என்ன செய்வார், வேலை போய்விடுமே" என்பார்கள். உண்மையான இரக்கம்தான். ஆனால் "என்ன செய்வார்" என்ற அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணங்களை எல்லாம் அடுக்கி, மனிதனை அவற்றுக்கு நடுவே நிறுத்தி, இவன் இப்படி நடந்துகொண்டது தவிர்க்க முடியாதது என்று நம்மை நம்பவைத்திருக்கிறது நம் காட்சி. சூழ்நிலை ஏறக்குறைய விதியாகிவிட்டது. காவிய அரங்கு கை வைப்பது இந்த இடத்தில்தான்.

பெயரைப் பற்றிச் சில வரிகள்

காவியம் என்றதும் நம் மனத்தில் பெரும் வீரர்களும் போர்களும் வருகிறார்கள். இங்கே அந்தப் பொருள் இல்லை. நம் கண்ணெதிரே இப்போது நடப்பதாகக் காட்டுவது நாடகம், நடந்து முடிந்ததை ஒருவர் எடுத்துச் சொல்வது காவியம் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வரும் ஒரு பிரிவு உண்டு. அந்த எடுத்துரைப்பை மேடைக்குள் கொண்டுவருவதே காவிய அரங்கு. 'எடுத்துரைப்பு அரங்கு' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1920களின் பெர்லினில் இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் திரைப்படத் துண்டுகளையும் எழுத்துகளையும் மேடையில் ஒளிரவிட்டார். 1928இல் படைவீரன் ஷ்வெய்க்கின் கதையை அரங்கேற்றியபோது மேடையில் ஓடும் பட்டைகளைப் பொருத்தினார். நடிகர் நடந்துகொண்டே இருப்பார், உலகம் அவரைக் கடந்து போகும். அந்த முயற்சிகளுக்கு அருகிலிருந்த பெர்டோல்ட் பிரெக்ட் இதைத் தன் எழுத்தாலும் இயக்கத்தாலும் ஒரு முழு நடிப்பு முறையாக வளர்த்தார். 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய அவர், பல நாடுகளில் அலைந்து, திரும்பி வந்து 1949இல் மனைவி ஹெலனெ வைகலுடன் சேர்ந்து 'பெர்லினர் ஆன்சாம்பிள்' குழுவை உருவாக்கினார். வரலாறு இப்போதைக்கு இவ்வளவு போதும். மீதியை வேலை செய்துகொண்டே பார்ப்போம்.

இரண்டாம் ஒத்திகை: சாட்சியாக மாறுங்கள்

பிரெக்ட் தன் அரங்குக்கு மாதிரியாகக் காட்டியது ஒரு தெருமுனையை. அங்கே விபத்து நடந்துவிட்டது. அதைப் பார்த்த ஒருவர், பிறகு வந்து சேர்ந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று நடித்துக் காட்டுகிறார். ஓட்டுநர் இப்படித் திரும்பினார், முதியவர் இப்படி நடந்தார் என்கிறார். அவர் ஓட்டுநராகவே மாறிவிடத் தேவையில்லை. முதியவரின் நடையில் தீர்ப்புக்குத் தேவையான அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறார். கூட்டம் அவர் நடிப்பில் மயங்கி விபத்தையே மறந்துவிட்டால் அவர் வந்த வேலை கெட்டுவிடும்.

இதையே பயிற்சியாகச் செய்யுங்கள். காவலாளியாக நடித்தவர் இப்போது ஒரு சாட்சி. வாசலில் நடந்ததை, அதைப் பார்க்காத ஒருவருக்கு விளக்குகிறார். நாற்காலியில் உட்கார்ந்தும் சொல்லலாம், தேவைப்பட்டால் எழுந்து செய்தும் காட்டலாம். இரண்டே நிமிடம்தான். முதல் ஒத்திகையில் அவர் சேகரித்து வைத்த காலணிக் கடியும் வீட்டு நோயும் இப்போது தாமாகவே வரிசையில் பின்னால் போய்விடுவதைப் பார்ப்பீர்கள். "அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை", "பை திறக்கும் முன்பே பேனா கையில் இருந்தது" போன்ற வாக்கியங்கள் முன்னுக்கு வரும். அவற்றை யாராவது எழுதிக்கொள்ளுங்கள். காட்சியின் எலும்புக்கூடு அந்த வாக்கியங்களில்தான் இருக்கிறது.

இதன் அடுத்த நிலைக்குப் பிரெக்ட் மூன்று கருவிகளைத் தருகிறார்: வசனத்தைப் படர்க்கையில் பேசுவது, இறந்தகாலத்துக்கு மாற்றுவது, மேடைக் குறிப்புகளையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்வது. மூன்றையும் ஒன்றாகச் செய்தால் நம் காட்சியின் முடிவு இப்படி ஒலிக்கும்:

"காவலாளி பதிவேட்டைத் திறந்தார். பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்தார். 'பெயர்?' என்று கேட்டார். கேட்டபோது நிமிரவில்லை. தன் பெயர் அவருக்குத் தெரியும் என்று அந்தப் பெண் சொன்னாள்."

பேனா மூடியைப் பல்லால் கடிப்பது என் பிரதியில் இல்லாத ஒன்று. ஒரு நடிகர் படர்க்கையில் சொல்லிக்கொண்டு வந்தபோது தானாகச் சேர்த்தார். ஏன் என்று கேட்டேன். "ஒரு கை பையின் மேல் இருக்கிறது. சோப்பை அவள் திரும்ப எடுத்துவிடக் கூடாதல்லவா" என்றார். பாத்திரத்துக்குள் மூழ்கியிருந்த மூன்று நாளில் அவருக்குக் கிடைக்காத கை அது. ஓர் அடி தள்ளி நின்றதும் கிடைத்தது.

இது ஒத்திகைக்கு உரிய பயிற்சி. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டுப் பழைய வசனத்துக்குத் திரும்புங்கள். "என்று கேட்டார்" என்பது காதில் விழாது. ஆனால் நடிகரின் உடலில் அது தங்கிவிடும். பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவரும் மேடையில் தெரிவார்.

அந்நியப்படுத்தல் என்று தமிழில் சொல்லப்படும் 'வெர்ஃப்ரெம்டுங்' இந்த நிலைதான். 'தூரப்படுத்தல்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை, ஏனென்றால் பார்வையாளரைத் துரத்திவிடுவது இதன் நோக்கமல்ல. பழகிப்போன ஒன்றைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்க்கவைப்பதே நோக்கம். தொழிலாளியின் பையைத் தினமும் சோதிப்பது நமக்குப் பழகிவிட்டது, அதைப் பார்த்து ஒருவர் "இது என்ன வழக்கம்?" என்று புருவம் உயர்த்தினால் வேலை நடந்துவிட்டது. 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைப் பார்த்தது இந்தச் சிந்தனையில் பிரெக்டுக்குப் பெரிய உந்துதலாக இருந்தது. தன் அசைவைத் தானே கவனித்துக்கொண்டு நடிக்கும் கலைஞர் ஒருவரை அவர் அங்கே கண்டார்.

காட்சிக்குத் தலைப்பு வையுங்கள்

ஏழு வரி வசனத்தை நிகழ்வுகளாக உடையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தில் தலைப்பு எழுதுங்கள். எங்கள் குழு எழுதியவை இவை:

தினமும் நடக்கும் சோதனை இன்றும் நடக்கிறது.
உடைந்த சோப்பும் கணக்கில் வருகிறது.
பல ஆண்டுகளாகத் தெரிந்த பெயரைக் காவலாளி கேட்கிறார்.

முதல் முயற்சியில் 'ஏழையின் கண்ணீர்' என்று ஒரு தலைப்பு வந்தது. அது பார்வையாளர் என்ன உணர வேண்டும் என்று ஆணையிடுகிறது. 'வாசலில் ஓர் இரவு' என்று இன்னொன்று வந்தது. அது எதையுமே சொல்லவில்லை. யார் என்ன செய்கிறார் என்று சொல்லும் வாக்கியம்தான் நல்ல தலைப்பு. அதில் ஒரு முரண்பாடும் ஒளிந்திருந்தால் மிக நல்லது.

முடிவை முன்கூட்டியே சொன்னால் சுவை போய்விடாதா என்று புதியவர்கள் கேட்பார்கள். பிரெக்டின் 'தாய் கரேஜும் அவள் பிள்ளைகளும்' நாடகத்தைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் வண்டி இழுத்துக்கொண்டு படைகளின் பின்னால் வியாபாரம் செய்யும் ஒரு தாயின் கதை. மூன்றாம் காட்சியின் தலைப்பே அவளது நேர்மையான மகன் சாகப்போகிறான் என்று சொல்லிவிடுகிறது. காட்சியில் அவனை விடுவிக்க எவ்வளவு லஞ்சம் கொடுப்பது என்று அவள் பேரம் பேசுகிறாள். அவன் பிழைப்பானா என்ற பதைப்பு நமக்கு இருந்தால் பேரத்தைக் கவனிக்கமாட்டோம். அவன் சாவது உறுதி என்று தெரிந்துவிட்டதால், அவள் குறைத்துச் சொல்லும் ஒவ்வொரு தொகையும் நம் காதில் இடிபோல விழுகிறது. பதற்றம் போகவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

அட்டையில் எழுதித் தொங்கவிடலாம், திரையில் ஒளிரவிடலாம், நடிகரே வந்து வாசிக்கலாம். எழுத்து பெரிதாக, தெளிவாக இருக்கட்டும்.

"இதைச் செய்யவில்லை, அதைச் செய்கிறார்"

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. பாத்திரம் செய்யும் ஒவ்வொரு முக்கியச் செயலுக்கும் பக்கத்தில் அது செய்யாமல் விட்ட செயலையும் எழுதுங்கள். காவலாளி தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை, பையைத் திறக்கச் சொல்கிறார். சோப்பைப் பையிலேயே விட்டுவிடவில்லை, எடுத்து மேசை மேல் வைக்கிறார். தொழிலாளி கெஞ்சவில்லை, வாதாடுகிறார்.

இனி, செய்யாமல் விட்டதும் பார்வையாளருக்குத் தெரியும்படி நடிக்க வேண்டும். காவலாளியின் கை பதிவேட்டை நோக்கிப் போகும் வழியில் அரை நொடி நிற்கட்டும். சோப்பைத் துணிக்கு அடியில் மறுபடி தள்ளிவிடவும் அந்தக் கைக்கு முடியும் என்று நமக்குத் தெரிய வேண்டும். பிறகு அது பதிவேட்டை எடுக்கிறது. முதல் ஒத்திகையில் இந்தச் செயல் தவிர்க்க முடியாததாக இருந்தது. இப்போது இரண்டில் ஒன்றாகிவிட்டது. இயற்பண்பு முறைக்கும் காவிய முறைக்கும் உள்ள தூரத்தை அந்த அரை நொடியில் அளந்துவிடலாம்.

அதிகமாகச் செய்துவிடாதீர்கள். காட்சியில் மூன்று இடம் போதும். எல்லா இடத்திலும் தயங்கினால் காவலாளி குழப்பவாதியாகத் தெரிவார்.

கெஸ்டுஸ்: உடலில் தெரியும் சமூக உறவு

கெஸ்டுஸ் என்ற ஜெர்மன் சொல்லைச் சைகை என்று மட்டும் மொழிபெயர்த்தால் விஷயம் தப்பிவிடும். இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் சமூக உறவு உடலில், குரலில், பொருளைப் பிடிக்கும் விதத்தில் வெளிப்படுவதே கெஸ்டுஸ். பிரெக்டே ஓர் எளிய எடுத்துக்காட்டுத் தருகிறார். ஈயை விரட்டுவதில் சமூக கெஸ்டுஸ் கிடையாது. கிழிந்த உடையோடு இருக்கும் ஒருவன் காவல் நாய்களை விரட்டினால் அதில் உண்டு, ஏனென்றால் நாயை வைத்திருப்பவரும் அங்கே தெரிகிறார்.

1949 ஜனவரியில் பெர்லினில் தாய் கரேஜாக ஹெலனெ வைகல் நடித்ததைப் பற்றிப் பேசாமல் இதை விளக்க முடியாது. அவர் இடுப்பில் ஒரு தோல் பணப்பை. காசு கொடுக்கும்போதெல்லாம் அதன் பூட்டு 'டக்' என்று மூடும். தாயின் பாசமும் வியாபாரியின் கணக்கும் ஒரே உடலில் இருப்பதை அந்த ஓசை ஒவ்வொரு முறையும் சொல்லியது. மகனைச் சுடும் வெடியோசை தூரத்தில் கேட்டதும் அவர் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்தார். குரல் வரவில்லை. ஓசையில்லாத அந்த அலறல் உலக அரங்க வரலாற்றில் நிலைத்துவிட்டது. அவள் வாய்விட்டு அழ முடியாது; அழுதால் தானும் பிடிபடுவாள். துயரமும் அதை அடக்கிவைக்கும் போரும் ஒரே படத்தில் நிற்கின்றன.

இன்னொன்று, பிரெக்டின் 'கலிலியோவின் வாழ்க்கை' நாடகத்தில் போப்பாண்டவருக்கு உடை அணிவிக்கும் காட்சி. கலிலியோவை ஒன்றும் செய்யக் கூடாது என்று தொடக்கத்தில் அவர் உறுதியாக இருக்கிறார். பேச்சு நீள நீள, சடங்கு உடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. முழு உடையும் ஏறியபின் வதைக் கருவிகளைக் கலிலியோவிடம் காட்டலாம் என்று இணங்கிவிடுகிறார். மனிதன் பேசி முடித்து, பதவி பேசத் தொடங்கும் இடத்தை ஒரு வசன விளக்கமும் இல்லாமல் உடை காட்டிவிடுகிறது.

நம் காட்சிக்கு வாருங்கள். காவலாளியின் கெஸ்டுஸ் என்ன? எங்கள் குழு பத்து விதமாக முயன்றது. மிடுக்காக நின்று பார்த்தோம். அதில் அதிகாரம் மட்டும் தெரிந்தது. கூனிக் குறுகி நின்றபோது வறுமை மட்டுமே தெரிந்தது. கடைசியில் கிடைத்தது இது: அவர் பைக்குள் கை விடும் முன் அதே கையால் தன் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். அவர் வீட்டுக்குப் போகும்போது அவரையும் ஒருவர் சோதிப்பார் என்பது அதில் வந்துவிட்டது. சோதிக்கிறவரும் சோதிக்கப்படுகிறவரும் ஒரே கையில் இருக்கிறார்கள்.

கெஸ்டுஸ் கிடைத்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய சோதனை: வசனமே இல்லாமல் காட்சியை நடித்துப் பாருங்கள். கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பவருக்கும் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், பொருள் யாருடையது, யாருக்கு எதை இழக்க அச்சம் என்பது புரிய வேண்டும்.

உணர்ச்சியை என்ன செய்வது?

என் முதல் காட்சியைக் கெடுத்தது இந்தக் கேள்விக்கு நான் கண்ட தவறான விடை. உணர்ச்சியைத் தடைசெய்ய வேண்டும் என்று நினைத்தேன். வைகலின் அலறலில் உணர்ச்சி இல்லையா? பார்வையாளரின் சிந்தனையை அடித்துக்கொண்டு போகும் வகையில் உணர்ச்சியைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் இங்கே உள்ள கட்டுப்பாடு. கோபம், வியப்பு, அநீதியைக் கண்டு வரும் கொதிப்பு எல்லாம் இந்த அரங்குக்குச் சொந்தமானவை.

'தாய் கரேஜ்' 1941இல் சூரிச்சில் முதலில் மேடையேறியபோது பார்வையாளர்கள் அவளைப் பிள்ளைகளை இழந்த ஒரு புராணத் தாயாகவே பார்த்து உருகினார்கள். போரில் பங்கு கேட்ட வியாபாரி அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரெக்ட் பிரதியைத் திருத்தினார். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் துணி கேட்கும் காட்சியில், முதலில் எழுதியபடி அவள் தானே விலையுயர்ந்த சட்டைகளைக் கிழித்துக் கொடுத்தாள். திருத்திய பிரதியில் தர மறுக்கிறாள், மற்றவர்கள் அவளைத் தள்ளிவிட்டு எடுக்கிறார்கள். அழுத்தம் தேவைப்பட்ட இடத்தில் அவர் நடிகரின் கண்ணீரைக் குறைக்கப் போகவில்லை, பாத்திரத்தின் செயலை மாற்றினார். புதிய இயக்குநர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காட்சி மிகையாக உருகுகிறது என்றால் நடிகரைக் குளிரவைக்காதீர்கள். அந்தப் பாத்திரம் அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று மறுபடி பாருங்கள்.

பாட்டு, விளக்கு, பொருள்கள்

1928 ஆகஸ்டில் பெர்லினில் அரங்கேறிய பிரெக்டின் 'மூன்று பென்னி ஓப்பரா'வில் பாட்டு வரும்போது அதை மறைக்கவே இல்லை. ஒளி பொன்னிறமாக மாறும், விளக்குகள் மேலிருந்து இறங்கும், பாட்டின் பெயர் பலகையில் தெரியும். நடிகர் இப்போது பாடப்போகிறார் என்பது ஓர் அறிவிப்பு. குர்ட் வைலின் இசையும் வசனத்தின் உணர்ச்சிக்கு முட்டுக்கொடுக்கவில்லை. கொடூரமான வரிகளுக்கு இனிமையான மெட்டு அமைத்து, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியைத் திறந்தது.

நம் காட்சியில் "குப்பையும் முதலாளியுடையதுதான்" என்ற வரிக்குப் பிறகு காவலாளி எழுந்து முன்னால் வந்து இரண்டு வரி பாடுகிறார்:

உடைந்த சோப்புக்குப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு;
உடைந்த முதுகுக்கு எந்த ஏட்டில் இடம் உண்டு?

தொழிலாளி பாடினால் புலம்பலாகிவிடும். காவலாளி பாடி முடித்து, உடனே போய் அதே பதிவேட்டைத் திறக்கும்போதுதான் குத்துகிறது. பாடியவருக்குத் தெரியும், தெரிந்தும் எழுதுகிறார்.

ஒளிக்கு வெள்ளை போதும். சீராக, பார்வையாளர் மேலும் கொஞ்சம் படும்படி வையுங்கள். விளக்குகள் கண்ணில் படட்டும். முழுத் திரைக்குப் பதில் கம்பியில் ஓடும் பாதி உயரத் திரை ஒன்று இருந்தால், அதன் மேலாக மேசையை நகர்த்துவது தெரியும்.

மேடைப் பொருள்களில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. காவிய அரங்கு என்றால் காலி மேடை, அட்டையில் செய்த பொருள்கள் போதும் என்று நினைக்கிறார்கள். பிரெக்டும் அவரது மேடை வடிவமைப்பாளர் காஸ்பார் நேயரும் இதற்கு நேர்மாறானவர்கள். தேவையற்றதை எல்லாம் எடுத்துவிட்டார்கள், மிஞ்சியதை அக்கறையோடு செய்தார்கள். வேலை செய்யும் கை தொட்டுத் தொட்டுத் தேய்ந்த கருவிதான் மேடைக்கு வர வேண்டும். நம் காட்சியில் சுவரும் வாசலும் வேண்டாம். ஆனால் பதிவேடு உண்மையானதாக இருக்கட்டும். ஓரம் மடிந்து, மை ஊறி, முந்தைய பெயர்கள் நிறைந்து இருக்கட்டும்.

எதிர்ப்பட்டியலை எப்படிப் படிப்பது

1930இல் 'மஹகோனி' ஓப்பராவுக்கு எழுதிய குறிப்புகளில் பிரெக்ட் நாடக அரங்கையும் காவிய அரங்கையும் இரண்டு பத்திகளாக எதிரெதிரே நிறுத்தினார். ஒருபக்கம் பார்வையாளரை நிகழ்வுக்குள் இழுப்பது, மறுபக்கம் அவரைக் கவனிப்பவராக்குவது. ஒருபக்கம் மாறாத மனிதன், மறுபக்கம் மாறுகிற, மாற்றுகிற மனிதன் என்று அது நீள்கிறது. அந்தப் பட்டியலைப் பலர் மனப்பாடம் செய்கிறார்கள். அதோடு சேர்த்து அவர் எழுதிய அடிக்குறிப்பை விட்டுவிடுகிறார்கள். இவை முழுமையான எதிர்நிலைகள் அல்ல, அழுத்தம் இடம் மாறுவதை மட்டுமே காட்டுகின்றன என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் காவலாளியின் காலணிக் கடியைத் தூக்கி எறிய வேண்டாம். முதல் ஒத்திகையில் கிடைத்தது இரண்டாம் ஒத்திகையின் அடியில் இருக்கட்டும்.

பார்வையாளர் முன்னால்

முன்பு அழைத்த நண்பர்களையே மறுபடி அழையுங்கள். தலைப்புகள் ஏறி இறங்கட்டும், பாட்டு வரட்டும், கை அரை நொடி நிற்கட்டும். "என் பெயர் உங்களுக்குத் தெரியும்" என்றதும் காவலாளியின் பேனா தாளின் மேல் நிற்கிறது. வெளிச்சத்தை மங்கவிடாதீர்கள். அவர் எழுதுகிறாரா இல்லையா என்று காட்டாமல் பாதித் திரையை இழுங்கள்.

"எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பாராட்டு மட்டுமே கிடைக்கும். "காவலாளி எந்த இடத்தில் வேறு ஏதாவது செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள். ஒருவர் பதிவேட்டைச் சொல்வார். இன்னொருவர், பிரச்சினை காவலாளியிடம் இல்லவே இல்லை, பையைச் சோதிக்கும் விதியை எழுதியவர் எங்கே என்று கேட்பார். மூன்றாமவர் தொழிலாளி தனியாக வந்திருக்கக் கூடாது என்பார். அவர்களுக்குள் வாக்குவாதம் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். அவர்கள் சுட்டும் இடங்களைப் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஒத்திகையை அந்த இடங்களிலிருந்து தொடங்குங்கள்.